பக்கத்து மனை ஏன் விலை குறைவு?

சேலத்திலிருந்து எந்தப் பக்கம் வண்டியை விட்டாலும் மனை விற்பனைத் தட்டி கண்ணில் படாமல் போகாது. ஓமலூர் சாலையில் கருப்பூர் தாண்டினால், ஆத்தூர் சாலையில் அயோத்தியாப்பட்டணத்தை நெருங்கினால், நாமக்கல் சாலையில் மல்லூர் வரை, இளம்பிள்ளை பக்கம் திரும்பினால் என்று எங்கும் வண்ணக் கொடி கட்டிய வேலியும் புதிதாக வெள்ளையடித்த கற்களும்தான். “புதிய பேருந்து நிலையத்திலிருந்து 15 நிமிடம்” என்ற வாசகமும் உடன் இருக்கும். அந்த 15 நிமிடம் எத்தனை மணிக்கு, எந்த வண்டியில் என்று யாரும் கேட்பதில்லை. சரி, அது போகட்டும்.

யோசிக்க வேண்டியது வேறு ஒன்று. ஒரே சாலையில், கூப்பிடு தூரத்தில், ஒரே அளவுள்ள இரண்டு மனைகளில் ஒன்றை சதுர அடி 1,800 ரூபாய் என்றும் மற்றதை 1,100 என்றும் சொல்கிறார்கள் என வைத்துக்கொள்வோம். தரகரிடம் காரணம் கேட்டால், “அவங்களுக்குப் பொண்ணு கல்யாணம், அவசரமாப் பணம் வேணுமுங்க” என்பார். அவசரம் நிஜமாகவும் இருக்கலாம். ஆனால் பக்கத்து மனைக்கும் இதற்கும் இவ்வளவு வித்தியாசம் என்றால், அதற்கான காரணம் பெரும்பாலும் எங்காவது எழுத்தில் இருக்கும். பத்திரத்தில் இருக்கலாம், வருவாய்த்துறைப் பதிவேட்டில் இருக்கலாம், நிலத்தை அளந்து போட்ட புல வரைபடத்தில் ஒரு மெல்லிய கோடாக இருக்கலாம். எழுத்தில் இல்லையென்றால் ஐப்பசி மழையில் தரையே சொல்லிவிடும். எங்கே பார்ப்பது என்று தெரிந்தவருக்கு விலை குறைந்த மனை சில சமயம் நல்ல வாய்ப்பு. தெரியாதவருக்கு அது வழக்கு.

2016-க்கு முன், பின்

விலையைப் பிரிக்கும் முதல் காரணம் அங்கீகாரம். 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ஒரு பொதுநல வழக்கில், அங்கீகாரம் இல்லாத மனைகளைப் பதிவு செய்யக் கூடாது என்று உத்தரவிட்டது. அதுவரை நடந்த வேலை இந்த ஊர்க்காரர்களுக்கு நன்றாகவே தெரியும். மானாவாரிப் புஞ்சையை ஜே.சி.பி. விட்டுச் சமன் செய்து, செம்மண் சாலை போட்டு, கல் நட்டு, ஊராட்சியில் ஒரு முத்திரையும் கையெழுத்தும் வாங்கி, “பஞ்சாயத்து அப்ரூவல்” என்று விற்றார்கள். ஊராட்சி தானாகவே ஒரு மனைப்பிரிவை அங்கீகரித்துவிட முடியாது. டி.டி.சி.பி. என்று எல்லோரும் சொல்லும் நகர் ஊரமைப்பு இயக்ககத்தின் ஒப்புதல் வந்த பிறகே உள்ளாட்சி இறுதி அனுமதி தர வேண்டும்.

அந்தத் தடைக்குப் பிறகு, 2017 மே மாதம் தமிழ்நாடு அரசு வரன்முறைத் திட்டத்தைக் கொண்டுவந்தது. 2016 அக்டோபர் 20-ஆம் தேதிக்கு முன் மனையாக விற்பனையாகிப் பதிவான இடங்களைக் கட்டணம் செலுத்தி ஒழுங்குபடுத்திக்கொள்ளலாம் என்பது அதன் சாரம். ஆக, இன்றைக்குச் சேலத்தைச் சுற்றிச் சந்தையில் இருப்பவை மூன்று வகை. முறைப்படி அங்கீகாரம் பெற்றவை, பிற்பாடு வரன்முறை ஆனவை, இரண்டும் இல்லாதவை.

கவனம் தேவைப்படுவது மூன்றாவது வகைக்குத்தான். “ஏற்கெனவே மனையாப் பதிவான இடமுங்க, மறுபடியும் தாராளமாப் பதிவாகும்” என்பார்கள். அது உண்மையும்கூட. 2016-க்கு முன் மனையாகப் பதிவான இடத்துக்கு மறுபதிவு நடக்கிறது. ஆனால் பதிவானால் வீடு கட்டலாம் என்று ஆகிவிடாது. வரன்முறைச் சான்று இல்லாத மனைக்குக் கட்டட வரைபட அனுமதி கிடைக்காது, வங்கி கடன் தராது. 2024 ஜூலையில் வந்த சுயசான்று முறையில், 2,500 சதுர அடி வரையுள்ள மனையில் 3,500 சதுர அடிக்குள் தரைத்தளமும் ஒரு மாடியுமாகக் கட்டுகிறவர்களுக்கு இணையத்திலேயே உடனடி அனுமதி கிடைக்கிறது. நடுத்தரக் குடும்பத்து வீடுகள் பெரும்பாலும் இந்த அளவுக்குள் அடங்கிவிடும். அங்கீகாரம் இல்லாத மனைக்கு அந்தக் கதவும் மூடியிருக்கிறது.

வரன்முறை ஆன மனையைப் பற்றித் தேவையில்லாத பயம் ஒன்றும் இருக்கிறது. என் கணக்கில் அது மோசமான பேரம் இல்லை. பூங்கா இருக்காது, தெரு சற்றுக் குறுகலாக இருக்கும். ஆனால் பல இடங்களில் பக்கத்தில் ஏற்கெனவே வீடுகள் வந்துவிட்டன, தெருவிளக்கு எரிகிறது, பால்காரர் வருகிறார். பளபளப்பான புது லேஅவுட்டில் முதல் வீடு கட்டிக் குடியேறி, சுற்றிலும் சீமைக்கருவேலத்தைப் பார்த்துக்கொண்டு ஐந்தாறு வருடம் உட்கார்ந்திருப்பதைவிட இது எவ்வளவோ மேல்.

புது லேஅவுட் என்றால் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். தட்டியில் “டி.டி.சி.பி. அப்ரூவ்டு” என்று இருக்கிறதா, “அப்ளைடு” என்று இருக்கிறதா? இரண்டாவதற்கு விண்ணப்பம் போட்டிருக்கிறார்கள் என்று மட்டுமே அர்த்தம். அடுத்தது, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட அல்லது 8 மனைகளுக்கு மேற்பட்ட பிரிவாக இருந்தால் தமிழ்நாடு ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவு செய்த பிறகே விளம்பரமே செய்யலாம். பதிவு எண்ணை ஆணையத்தின் இணையதளத்தில் போட்டுப் பார்த்தால், அங்கீகரிக்கப்பட்ட வரைபடத்தையே இறக்கிக்கொள்ளலாம். தரகர் கையில் கொடுக்கும் வண்ணத் தாளையும் அந்த வரைபடத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட பிரிவில் 10 சதவீதத்தைப் பொது ஒதுக்கீடாக உள்ளாட்சிக்குத் தானப்பத்திரம் எழுதிக் கொடுத்தாக வேண்டும். வரைபடத்தில் பூங்கா என்று பச்சையில் இருப்பது வண்ணத் தாளில் மனை எண்ணோடு இருந்தால், அங்கேயே பேச்சை முடித்துக்கொள்ளலாம்.

பத்திரம் பதிவானால் இடம் நம்முடையதா?

ஆகிவிடும் என்றுதான் பலர் நினைக்கிறார்கள். சார்பதிவாளர் பதிவு செய்வது ஓர் ஆவணத்தை. விற்பவருக்கு உண்மையிலேயே உரிமை இருக்கிறதா என்று விசாரித்துத் தீர்ப்புச் சொல்வது அவர் வேலை இல்லை. தமிழ்நாட்டின் பதிவு விதி ஒன்றை 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் சொன்னதும் இதைத்தான். எனவே உரிமையைப் பார்க்கும் பொறுப்பு முழுக்க வாங்குகிறவர் தலையில்.

ஒரு சொத்தின்மேல் பதிவான கிரயம், அடமானம் எல்லாவற்றையும் பட்டியலிடும் வில்லங்கச் சான்றிலிருந்து (ஈ.சி.) தொடங்கலாம். 1975 முதலான பதிவுகளைப் பதிவுத்துறையின் இணையதளத்தில் வீட்டிலிருந்தே பார்க்கலாம். அதற்கு முந்தையதென்றால் சார்பதிவாளர் அலுவலகத்தில் மனுக் கொடுத்துத் தேட வேண்டும். இதில் ஒரு சூட்சுமம் உண்டு. மனை இன்றைக்கு 45/2பி1 என்ற புல எண்ணில் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த எண்ணை மட்டும் போட்டுத் தேடினால் சுத்தமான ஒரு தாள் கையில் கிடைக்கும். ஏனென்றால் அந்த உட்பிரிவு பிறந்ததே சமீபத்தில்தான். 45/2பி, அதற்கு முன் 45/2, அதற்கும் முன் 45 என்று பின்னோக்கிப் போய்த் தேடினால்தான், பெரியவர் காலத்தில் கூட்டுறவுச் சங்கத்தில் வைத்த அடமானமும், பங்காளிகள் எழுதிக்கொண்ட பாகப்பிரிவினையும் வெளியே வரும். “ஈ.சி. கிளியர்” என்று யாராவது சொன்னால், எந்த எண்ணுக்கு, எந்த வருடத்திலிருந்து என்று கேளுங்கள்.

வில்லங்கத்தில் வராத வில்லங்கமும் இருக்கிறது. பதிவு செய்யாத உயில் அதில் வராது. மூலப்பத்திரத்தை ஒருவரிடம் கொடுத்துக் கைமாற்று வாங்கியிருந்தால் அதுவும் பல சமயம் வராது. அசல் பத்திரத்தைக் காட்டச் சொன்னால் “லாக்கர்ல இருக்குங்க, பதிவன்னிக்கு எடுத்துட்டு வந்துடறோம்” என்று ஜெராக்ஸையே நீட்டுகிறார்கள் என்றால், அந்த லாக்கர் யாருடையது என்று தெரிந்துகொள்வது நல்லது.

நம் பகுதியில் அதிகமாகத் தகராறு வருவது வாரிசுக் கையெழுத்தில். தாத்தா பெயரில் இருந்த காட்டை அண்ணன் தம்பிகள் மட்டும் பிரித்துக்கொண்டு, அக்கா தங்கைகளுக்குச் சீர் செய்தாயிற்று என்று கணக்கை முடித்த பாகப்பிரிவினைகள் கொங்குப் பக்கமும் சேலத்துப் பக்கமும் ஏராளம். சட்டம் சீரைக் கணக்கில் எடுப்பதில்லை. பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் பங்கு என்று தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் செய்தது. அப்போது ஏற்கெனவே திருமணமானவர்கள் அதில் விடுபட்டார்கள். 2005 செப்டம்பரில் வந்த மத்தியச் சட்டத் திருத்தம் அந்த வேறுபாட்டையும் நீக்கியது. தந்தை அன்றைக்கு உயிரோடு இருந்தாரா இல்லையா என்பது பொருட்டல்ல என்று 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. ஆகவே வாரிசுச் சான்றை வாங்கி, அதில் எத்தனை பெயர், பத்திரத்தில் எத்தனை கையெழுத்து என்று எண்ணிப் பார்ப்பது முதல் வேலை. ஒரு பெயர் குறைந்தால், அந்த அத்தையோ அவருடைய பிள்ளைகளோ வந்து தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்த பிறகு மேற்கொண்டு பேசலாம். “அத்தை ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்பது இன்றைய நிலவரம். நிலம் விலை ஏறின பிறகு அத்தையின் பேரன் சொல்வான்.

உரிமையாளர் தன் சார்பில் விற்க இன்னொருவருக்கு அதிகாரம் எழுதிக் கொடுத்த பவர் பத்திரத்தை வைத்து விற்கிறார்கள் என்றால் எழுதிக் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா, பவரை ரத்து செய்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும். எழுதிக் கொடுத்தவர் இறந்தால் பவரும் பொதுவாக அவரோடு போய்விடும். கிரயப் பத்திரம் இல்லாமல் பொது அதிகார ஆவணத்தை மட்டும் வைத்து நடக்கும் கைமாற்றம் சொத்துரிமையைத் தராது என்று உச்ச நீதிமன்றம் 2011-லேயே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

வழக்கறிஞரிடம் சட்டக் கருத்து வாங்க ஆகும் சில ஆயிரத்தை மிச்சம் பிடிக்க நினைப்பவர்கள் உண்டு. “பேங்க் லோன் கொடுத்துட்டாங்கன்னா எல்லாம் சரியா இருக்குன்னுதானே அர்த்தம்” என்பது அவர்கள் வாதம். வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது வங்கியின் பணத்துக்குப் பாதுகாப்பு இருக்கிறதா என்பதை. நம் சார்பில் பார்க்க நாம் ஒருவரை வைத்துக்கொள்ள வேண்டும்.

பட்டாவும் புல வரைபடமும் சொல்லும் கதை

பத்திரம் பதிவுத்துறையின் சமாச்சாரம், பட்டா வருவாய்த்துறையின் சமாச்சாரம். இரண்டும் ஒன்றையே சொல்ல வேண்டும். பல இடங்களில் சொல்வதில்லை. 1979 முதல் 1987 வரை தமிழ்நாடு முழுக்க நடந்த நில உடைமை மேம்பாட்டுத் திட்டத்தில் பட்டாக்களைப் புதுப்பித்தபோது நுழைந்த பிழைகள் இன்னும் இருக்கின்றன. அண்ணன் பெயர் விழ வேண்டிய இடத்தில் தம்பி பெயர், இரண்டு ஏக்கர் இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றரை ஏக்கர் என்று. ‘யு.டி.ஆர். மிஸ்டேக்’ என்று தாலுகா அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழுவது இதுதான். விற்பவர் பெயரில் பத்திரம் இருக்கிறது, பட்டாவில் வேறு பெயர் இருக்கிறது என்றால், அதை அவரே திருத்திக் கொடுத்த பிறகு கிரயம் செய்வது புத்திசாலித்தனம். “வாங்கினப்புறம் நீங்களே மாத்திக்கலாம்” என்பதை நம்ப வேண்டாம்.

பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் கணக்கில் இருக்கும். பேரம் நடப்பதோ சதுர அடியிலும் சென்ட்டிலும். ஒரு ஏர் என்பது 100 சதுர மீட்டர், அதாவது 1,076 சதுர அடி, ஏறத்தாழ இரண்டரை சென்ட். 30-க்கு 40 மனை 1,200 சதுர அடி. அது பட்டாவில் 1.11 ஏர் என்ற அளவில் இருக்க வேண்டும். அங்கே 1.05 என்று இருந்தால் ஏறத்தாழ 70 சதுர அடி காணாமல் போயிருக்கிறது. சதுர அடி 1,500 ரூபாய் என்றால் லட்சத்துக்கும் மேல். மாநகராட்சியின் பழைய பகுதிகளில், அதாவது நகர நில அளவை நடந்த இடங்களில், வார்டு, பிளாக், நகர அளவை எண் என்று பதிவேடே வேறு மாதிரி இருக்கும். பழைய புல எண்ணுக்கும் புதிய நகர அளவை எண்ணுக்கும் உள்ள தொடர்பை ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

புல வரைபடத்தை ஒரு பத்து நிமிடம் உட்கார்ந்து பார்ப்பவருக்கு நிறையக் கிடைக்கும். முதலில் வழி. சாலையிலிருந்து மனை வரைக்கும் உள்ள பாதை வரைபடத்தில் தனிப் புல எண்ணோடு இருக்கிறதா? ‘வண்டிப்பாதை’ என்று பதிவேட்டில் இருந்தால் நிம்மதி. நேரில் போகும்போது 20 அடிப் பாதை தெரிகிறது, வரைபடத்தில் ஒன்றுமே இல்லை என்றால், நாம் நடந்து போனது யாரோ ஒருவரின் வரப்பு. அவர் மனது வைக்கும் வரைக்கும்தான் அது பாதை. பத்திரத்தில் செக்குபந்தி, அதாவது நான்கு எல்லை விவரம், எழுதும்போது “கிழக்கே 23 அடி அகலத் தென்வடல் பொதுத் தடம், அதில் வண்டி வாகனங்கள் போக வர, குழாய் பதிக்க, மின்கம்பி கொண்டுவரப் பாத்தியம்” என்று தெளிவாக இருக்க வேண்டும். வெறுமனே “மாமூல் வழி” என்று எழுதி முடித்த பத்திரங்களால் எத்தனையோ அண்டை வீட்டார் உரிமையியல் நீதிமன்ற வராந்தாவில் சந்தித்துக்கொள்கிறார்கள்.

வரைபடத்தில் ஓடை, வாய்க்கால், குட்டை எதுவானாலும் கண்ணில் பட்டுவிடும். கிராமத்து வருவாய்ப் பதிவேடான ‘அ’ பதிவேட்டில் நிலத்தின் வகை இருக்கும். அரசு புறம்போக்கா, கோயில் நிலமா, நிபந்தனையோடு கொடுத்த ஒப்படை நிலமா, பஞ்சமி நிலமா என்று அங்கே பார்க்க வேண்டும். பஞ்சமி நிலம் ஆங்கிலேயர் ஆட்சியில் ஒடுக்கப்பட்ட மக்களுக்கென்று நிபந்தனையோடு ஒதுக்கப்பட்டது. அந்த நிபந்தனையை மீறி மற்றவர் வாங்கினால் எத்தனை கை மாறியிருந்தாலும் உரிமை நிற்காது. அரசு எப்போது வேண்டுமானாலும் திரும்ப எடுத்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் இருக்கும் நத்தம் மனையைப் பலர் ஒதுக்கிவிடுகிறார்கள். நத்தம் என்பது காலங்காலமாகக் குடியிருப்புக்கென்றே இருக்கும் இடம். மனைப்பிரிவு அங்கீகாரம் என்ற தொல்லை அங்கே இல்லை. எல்லை மட்டும் ஓட்டு வீட்டுச் சுவர், மாட்டுத் தொழுவம், புளியமரம் என்று கலங்கலாக இருக்கும். சர்வேயரை வைத்து அளந்து, பக்கத்து வீட்டாரை நிற்க வைத்துக் கல் நட்டுவிட்டால் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். தெற்குப் பார்த்த மனை, தெரு நேராக வந்து முட்டும் தெருக்குத்து உள்ள மனை என்று வாஸ்து காரணமாக விலை குறைந்து கிடப்பவை உண்டு. பத்திரத்திலும் பட்டாவிலும் எந்தக் குறையும் இல்லாமல் கிடைக்கும் ஒரே தள்ளுபடி அதுதான். நம்பிக்கை உள்ளவர்களை நான் எதுவும் சொல்ல வரவில்லை. நம்பிக்கை இல்லாதவர்கள் தாராளமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம். விற்கும்போது நாமும் அதே தள்ளுபடியைக் கொடுக்க வேண்டிவரும், அவ்வளவுதான்.

தண்ணீர் வரும் வழி, பாறை இருக்கும் ஆழம்

சேலம் மலைகளுக்கு நடுவே கிடக்கும் ஊர். வடக்கே சேர்வராயன், நகரமலை, தெற்கே ஜருகுமலை, மேற்கே கஞ்சமலை, கிழக்கே கோதுமலை. மலையில் பெய்வது கீழே இறங்கித்தான் ஆக வேண்டும். சேர்வராயனிலிருந்து வரும் நீர்தான் கன்னங்குறிச்சி மூக்கனேரியை நிரப்புகிறது. திருமணிமுத்தாறும் அந்த மலையடிவாரத்தில் தொடங்கி நகரத்துக்குள் புகுந்து நாமக்கல் பக்கம் போகிறது. ஏரிக்கு ஏரி வாய்க்கால் என்று பழையவர்கள் வெட்டி வைத்திருந்தார்கள். வாய்க்கால்களில் பாதி இன்று தெருக்கள். தண்ணீருக்கு அது தெரியாது. பெருமழை பெய்தால் அது பழைய தடத்திலேயே வருகிறது, நடுவில் யாருடைய போர்ட்டிகோ இருந்தாலும் சரி.

அதனால் சித்திரையில் மனை பார்த்து வைகாசியில் பத்திரம் முடிப்பது இந்த ஊருக்கு ஒத்துவராத பழக்கம். இடம் பிடித்திருந்தால் ஐப்பசி வரைக்கும் பொறுக்க முடியாதுதான். வேறு யாராவது கொத்திக்கொண்டு போய்விடுவார்கள். அப்படியானால் பக்கத்து வீடுகளைப் பாருங்கள். வாசற்படி தெருவைவிட மூன்றடி உயரத்தில் கட்டியிருக்கிறார்களா? காம்பவுண்டுச் சுவரில் முழங்கால் உயரத்துக்கு ஒரே மட்டத்தில் காவிக்கோடு ஓடுகிறதா? கோரையும் ஆகாயத்தாமரையும் எங்கே முளைத்திருக்கின்றன? மளிகைக் கடை அம்மாவிடம் “மழைக்கு இங்க தண்ணி நிக்குமாங்க?” என்று கேட்டால் போதும், விற்பவர் சொல்லாததெல்லாம் வந்துவிடும். நீர்நிலைப் புறம்போக்கில் விழுந்த இடமென்றால் அது வேறு விவகாரம். ஏரிகளைப் பாதுகாக்கவும் ஆக்கிரமிப்பை அகற்றவும் 2007-இல் தனிச் சட்டமே வந்திருக்கிறது. வீட்டுவரி ரசீதும் மின் இணைப்பும் அங்கே காப்பாற்றாது.

மழைநீர் இப்படி என்றால் குடிநீர் வேறு கதை. மாநகராட்சிக்கு மேட்டூர் தண்ணீர் வருகிறது. எல்லை தாண்டினால் பெரும்பாலும் போர் என்ற ஆழ்துளைக் கிணறுதான் கதி. சேலத்தின் அடியில் கிடப்பது கெட்டிப் பாறை. அதில் தண்ணீர் வெடிப்புகளில் மட்டும் ஓடும். பக்கத்து வீட்டில் 300 அடியில் கிடைத்தது நமக்கு 800 அடியிலும் கிடைக்காமல் போகலாம். தேங்காயும் வேப்பங்குச்சியும் பிடித்துப் பார்க்க ஆள் இருக்கிறார்கள், திருச்செங்கோட்டு ரிக் வண்டியும் ஒரு போன் அடித்தால் வந்துவிடும். அடிக்கு இவ்வளவு என்று ஏறும் அந்தச் செலவை யாரும் மனை விலையோடு சேர்த்துப் பார்ப்பதில்லை. பக்கத்தில் நாலு வீட்டில் போர் எத்தனை அடி, கோடையில் எத்தனை மணி நேரம் ஓடுகிறது, பாத்திரத்தில் வெள்ளை படிகிறதா என்று விசாரித்தால் ஓரளவு தெரியும்.

அதே பாறை அஸ்திவாரத்துக்கு நல்லது, தோண்டுவதற்குக் கெட்டது. இரண்டடியில் பாறை தட்டினால் செப்டிக் டேங்க்குக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் பிரேக்கர் வைத்து உடைக்க வேண்டியிருக்கும். இதற்கு நேர்மாறு நிரப்பிய நிலம். கருப்பூர், குரும்பப்பட்டி பக்கம் வெள்ளைக்கல் (மேக்னசைட்) வெட்டிய பூமி, ஊரைச் சுற்றிக் கல்குவாரிகள், செங்கல் சூளைக்கு மண் எடுத்த குழிகள் என்று இருக்கின்றன. குழியைக் கட்டட இடிபாடு கொட்டி மூடி, மேலே ஒரு லாரி செம்மண் பரப்பிவிட்டால் பார்க்க அழகான சமதளம். அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் போட்டால் இரண்டு மழைக்குள் சுவர் வெடிக்கும். சந்தேகம் இருந்தால் மூலையில் ஒன்று, நடுவில் ஒன்று என்று ஆறடிக்குக் குழி எடுத்துப் பார்க்க அனுமதி கேளுங்கள். ஒளிவுமறைவு இல்லாதவர் சரி என்பார்.

தலைக்கு மேலேயும் பாருங்கள். மேட்டூரிலிருந்து வரும் உயர் அழுத்த மின்பாதைகள் சேலத்தின் ஓரங்களைக் குறுக்கும் நெடுக்குமாகக் கடக்கின்றன. கம்பிக்குக் கீழே உள்ள அகலத்தில் வீடு கட்ட முடியாது. ரயில்வே எல்லையிலிருந்து 30 மீட்டருக்குள் என்றால் ரயில்வேயின் தடையின்மைச் சான்று வேண்டும்.

அரசு எடுக்கப்போகும் நிலமா என்பதையும் கேட்டாக வேண்டும். சென்னை–சேலம் எட்டு வழிச்சாலைக்கு 2018-இல் நில எடுப்பு அறிவிக்கை வந்தது. 2019 ஏப்ரலில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அறிவிக்கை செல்லும் என்றது. குப்பனூர், ராமலிங்கபுரம், பூலாவரி வட்டாரத்தில் அந்தச் சில வருடங்கள் நிலம் வாங்கவும் விற்கவும் ஆளில்லாமல் கிடந்ததைப் பார்த்தவர்களுக்கு இது புரியும். காமலாபுரம் விமான நிலைய விரிவாக்கத்தில் தும்பிப்பாடி, பொட்டியபுரம், சிக்கனம்பட்டி விவசாயிகளுக்கும் இதே மாதிரிக் காத்திருப்புதான். இப்படியான புல எண்கள் அரசிதழிலும் வட்டாட்சியர் அலுவலகத்திலும் இருக்கும்.

மலைமேல் என்றால்

ஏற்காட்டில் பத்து சென்ட் வாங்கி, ஓய்வுக்குப் பிறகு குளிரில் உட்கார்ந்து காபி குடிப்பது சேலத்துக்காரர்கள் பலரின் கனவு. கனவு நல்லதுதான். ஆனால் கீழே செல்லும் கணக்கு எதுவும் மேலே செல்லாது. மலைப்பகுதிப் பாதுகாப்புக் குழுமம் 1990-இல் அமைந்தது. ஏற்காட்டுக் கிராமங்கள் அதன் கட்டுப்பாட்டில் வருகின்றன. மனைப்பிரிவுக்கும் கட்டடத்துக்கும் அந்த வழியாக அனுமதி வாங்க வேண்டும். சரிவு, பாறை, நீரோடை, காட்டு எல்லை எல்லாம் பார்ப்பார்கள். மரம் வெட்டுவதற்கு 1955-ஆம் ஆண்டின் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே நிற்கும்.

காபித் தோட்டத்தைத் துண்டு துண்டாகப் பிரித்து “எஸ்டேட் மனை” என்று விற்பதில் தனிச் சிக்கல். தோட்டம் என்பதற்காகத்தான் அந்த நிலத்துக்கு, ஒருவர் எவ்வளவு நிலம் வைத்திருக்கலாம் என்று எல்லை போடும் நில உச்சவரம்புச் சட்டத்தில் விலக்குக் கிடைத்திருக்கும். அதை வீட்டு மனையாக்கினால் விலக்கின் அடிப்படையே ஆட்டம் காணும். மலையாளிப் பழங்குடியினருக்கு அரசு ஒப்படைத்த நிலம் என்றால் வெளியார் வாங்கவே தடை உண்டு. சென்ட் விலை கீழே உள்ளதைவிடக் குறைவாக யாராவது மலைமேல் சொன்னால், பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று காரணமாக இருக்கும். இருபது கொண்டை ஊசி வளைவு ஏறிச் செங்கலும் ஜல்லியும் கொண்டுபோகும் லாரி வாடகை பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

பணம் எங்கே போகிறது

கிரயத் தொகை, அரசு குறித்து வைத்திருக்கும் வழிகாட்டி மதிப்பு இரண்டில் எது அதிகமோ அதன்மேல் 7 சதவீதம் முத்திரைத் தீர்வை, 2 சதவீதம் பதிவுக் கட்டணம். 2023 ஏப்ரலுக்கு முன் பதிவுக் கட்டணம் 4 சதவீதமாக இருந்தது. வழிகாட்டி மதிப்பை உயர்த்தியபோது இதைக் குறைத்தார்கள். 18 லட்சத்துக்கு மனை என்றால் இந்த இரண்டுக்கு மட்டும் 1,62,000 ரூபாய். 2025 ஏப்ரல் முதல், 10 லட்சம் வரையுள்ள சொத்தைப் பெண்கள் பெயரில் வாங்கினால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் சலுகை. தரகுக்கு ஒன்று அல்லது இரண்டு சதவீதம் கேட்பார்கள், அது பேசிக்கொள்வதைப் பொறுத்தது.

இந்தச் செலவைக் குறைக்க, பத்திரத்தில் வழிகாட்டி மதிப்பை மட்டும் காட்டி மீதியை ரொக்கமாகக் கொடுக்கும் வழக்கம் ஊரறிந்தது. சட்டப்படி தப்பு என்பது ஒருபுறம். கணக்குப்படியும் அது வாங்குகிறவருக்கு நஷ்டம். வங்கி கடனைக் கணக்கிடும்போது பத்திரத்தில் உள்ள தொகையைத்தான் பார்க்கும். மீதிப் பணத்தைக் கையிலிருந்து புரட்ட வேண்டும். பின்னால் விற்கும்போது வாங்கிய விலை குறைவாகத் தெரிவதால் மூலதன ஆதாய வரி கூடும். ஏதாவது வழக்கு வந்து கிரயம் ரத்தானால், பத்திரத்தில் இல்லாத பணத்தைக் கேட்க முடியாது. ஆதாயம் முழுக்க விற்பவருக்குத்தான். அசையாச் சொத்து பேரத்தில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்குவதற்கே வருமான வரிச் சட்டத்தில் தடை இருக்கிறது. 50 லட்சமும் அதற்கு மேலும் என்றால் வாங்குகிறவரே 1 சதவீதத்தைப் பிடித்து வரியாகக் கட்ட வேண்டும்.

முன்பணம் கொடுக்கும்போது கிரய ஒப்பந்தத்தை வெள்ளைத் தாளில் எழுதி வைத்துக்கொள்ள வேண்டாம். தமிழ்நாட்டில் 2012 டிசம்பரிலிருந்து அதையும் பதிவு செய்தாக வேண்டும். பதிவான ஒப்பந்தம் வில்லங்கச் சான்றில் ஏறிவிடும் என்பதால், விற்பவர் வேறொருவரிடம் அட்வான்ஸ் வாங்குவது கடினமாகிவிடும். எத்தனை மாதத்துக்குள் முடிப்பது, பட்டாத் திருத்தம் யார் செலவு, அளந்து பார்த்ததில் குறைந்தால் எப்படிக் கழிப்பது என்பதெல்லாம் அதிலேயே வர வேண்டும்.

பதிவு முடிந்ததும் வீட்டுக்குப் போய்ப் பத்திரத்தைப் பீரோவில் வைத்துப் பூட்டிவிடுகிறவர்கள் அதிகம். அடுத்த வாரமே பட்டா மாறுதல் எந்த நிலையில் இருக்கிறது என்று இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். உட்பிரிவு தேவையில்லாத முழுப் புல எண் என்றால் தானாகவே பெயர் மாறிவிடும். உட்பிரிவு வேண்டும் என்றால் சர்வேயர் வந்து அளந்தாக வேண்டும். அவர் வரும் நாளில் நாமும் நிற்க வேண்டும், பக்கத்து மனைக்காரரும் நின்றால் ரொம்ப நல்லது. அப்புறம் நான்கு மூலையிலும் கல், முடிந்தால் சுற்றிக் கம்பிவேலி, ஒரு பெயர்ப்பலகை. மாநகராட்சி எல்லைக்குள் என்றால் காலிமனை வரியை நம் பெயரில் போட்டுக் கட்ட ஆரம்பித்துவிடலாம். பின்னால் வரைபட அனுமதிக்குப் போகும்போது அந்த ரசீதைக் கேட்பார்கள்.